உருகுவே தோழியும் ஒற்றைக் குழலும்

1973-ஆம் வருடம், ஜூன் மாதம். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னாலும் வெயில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தி. நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. கீழே அப்பாவின் எவர்சில்வர் பாத்திரக் கடை, மாடியில் நாங்கள். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். பட்டணத்துக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் அவர்கள் பேச்சு மட்டும் ஊரிலேயே இருந்தது. அண்ணன்கள் இரண்டு பேரும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். கடைக்குட்டியான நான் மட்டும் கல்லூரியில் படித்துக்கொண்டு அம்மாவின் ஏச்சையும் பேச்சையும் தனியாக வாங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு பேனா சிநேகிதி இருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் சில பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் விலாசம் வரும். அதில் ஒன்றைப் பிடித்து, முகம் தெரியாத ஆளுக்குக் கடிதம் போட வேண்டியது. பதில் வருமா என்று தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் நிற்க வேண்டியது. நான் பிடித்தவள் உருகுவே நாட்டுக்காரி. அட்லஸில் பிரேசிலுக்குக் கீழே, விரலை வைத்தால் மறைந்துபோகும் நாடு. அவளுக்கு ஸ்பானிஷ், எனக்குத் தமிழ், இரண்டு பேருக்கும் பொதுவாகப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். பாவாடை தாவணிக் காலத்தில் ஆரம்பித்த கடிதம், நான் சேலை கட்டிய பிறகும் நிற்கவில்லை. தப்பும் தவறுமாக எழுதியே ஒருத்திக்கு ஒருத்தி உயிராகிவிட்டோம்.

அவள் கடிதத்தில் மாத்தே இல்லாமல் இருக்காது. காலையில் எழுந்ததும் மாத்தே, பரீட்சைக்குப் படிக்கும்போது மாத்தே, அக்காளோடு சண்டை போட்டுச் சமாதானமானால் மாத்தே. யெர்பா என்ற ஒரு மரத்தின் இலையைக் காயவைத்துப் பொடித்து, ஒரு சின்னச் சுரைக்குடுவையில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, அடியில் வடிகட்டி வைத்த ஓர் உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்பார்களாம். நான் அதை நம்ம டீக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முறை அவள் அந்த இலையை மட்டும் ஒரு பொட்டலம் கட்டிப் பார்சலில் அனுப்பினாள். குடுவையும் இல்லை, குழலும் இல்லை. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் அதைக் காபி ஃபில்டரில் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டாள்.

அந்தத் தழை தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருத்து, ஃபில்டர் ஓட்டையையெல்லாம் அடைத்துக்கொண்டது. சொட்டுகூட இறங்கவில்லை. தட்டினோம், குலுக்கினோம், அப்பா கடையிலிருந்து வேறு ஃபில்டர் எடுத்து வந்தார். கடைசியில் இறங்கிய கரும்பச்சை டிகாஷனில் பாலும் சர்க்கரையும் சேர்த்து அம்மா ஆளுக்கு ஒரு டம்ளர் தந்தாள். காய்ச்சல் கஷாயத்துக்குப் பால் ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. நடந்ததை நடந்தபடியே அவளுக்கு எழுதினேன். படித்துவிட்டு நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்ததாகவும், என்றைக்காவது நேரில் வந்து குடிக்கச் சொல்லித் தருவதாகவும் பதில் போட்டாள். இரண்டு பேருமே அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் நிஜமாகவே வந்துவிட்டாள்! அவளுடைய அப்பா ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். படிப்பு முடிந்த பெண்ணை ஒரு பயணம் கூட்டிப்போக அவருக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கப்பல் மெட்ராஸ் துறைமுகத்தில் நிற்கும், ஒரு பகல் முழுக்க உன்னோடு இருப்பேன், சாயங்காலம் திரும்பிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு மாடிப்படியில் மேலும் கீழுமாக ஓடினேன். கடையில் சருவச்சட்டி விலை பேசிக்கொண்டிருந்த அம்மாக்களிடம்கூட நின்று சொன்னேன். அப்பா அன்றே சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார். அம்மா சாம்பாரா, புளிக்குழம்பா என்று தனக்குத் தானே விவாதம் நடத்திக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூத்தெல்லாம் அடங்கிய பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

காரணம் இதுதான். மாத்தே ஆளுக்கு ஒரு டம்ளரில் குடிப்பதில்லை. ஒரே குடுவை, ஒரே குழல். ஒருத்தர் குடித்துவிட்டுக் கொடுக்க, அதே குழலில் அடுத்தவர் குடிக்க, குடுவை வீட்டைச் சுற்றி வரும். யாரும் துடைக்க மாட்டார்கள். வேண்டாம் என்று முகம் சுளிப்பது, உன் சிநேகிதம் வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம் என்று அவளே எழுதியிருந்தாள். எங்கள் வீட்டிலோ பெற்ற பிள்ளை குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் யாரும் தொடுவதில்லை. தண்ணீரோ காபியோ மோரோ, எதுவானாலும் தூக்கிக் குடிப்பதுதான். டம்ளர் விளிம்பு உதட்டில் பட்டுவிட்டால் "எச்சி, எச்சி" என்று அம்மா வீட்டையே கூட்டிவிடுவாள். அப்பா டம்ளர் விற்கிறவர். அவர் கணக்குப்படி டம்ளருக்கு விளிம்பு வைத்திருப்பதே தூக்கி ஊற்றத் தோதாகத்தான்.

ஒரே ஒரு பகல்தான் இருக்கப் போகிறாள். அதில் அவள் ஆசையாக நீட்டும் குடுவையைப் பார்த்து இந்த இரண்டு பேரில் ஒருவர் முகம் சுளித்தாலும் என் சிநேகிதம் போச்சு. அவள் கடலைத் தாண்டிப் போன பிறகு நான் கடிதத்தில் என்ன எழுதிச் சமாதானம் செய்தாலும் அந்த முகம் அவள் மனசை விட்டுப் போகாது. அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொன்னால், வந்தவளிடம் நாசூக்காக அதை எடுக்கவே விடாமல் செய்துவிடுவார்களோ என்று பயந்து மென்று விழுங்கினேன்.

எனக்கே அது வருமா என்பது வேறு கதை. பிறந்ததிலிருந்து எதையும் வாய் வைத்துக் குடித்துப் பழக்கமில்லை. அதனால் பின்கட்டில் இருந்த பப்பாளி மரத்திலிருந்து ஒரு காம்பை ஒடித்து, டம்ளர் சுடுதண்ணீரில் வைத்து உறிஞ்சிப் பழகினேன். முதல் இழுப்பிலேயே நாக்கு வெந்துவிட்டது. அம்மா வந்து பார்த்து, "ஏட்டி, கழுத வயசாயிட்டு, பப்பாளிக் குழல வச்சு வெளாடுதியா?" என்று தலையில் குட்டினாள். விருந்தாளிக்காகப் பயிற்சி எடுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. அப்பாவும் நானும் மஞ்சள் கறுப்பு டாக்ஸி பிடித்துத் துறைமுகம் போனோம். அப்பா சலவைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி. நான் தீபாவளிச் சேலை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வருகிற வெள்ளைக்காரிகளையெல்லாம் அவளோ அவளோ என்று பார்த்தேன். போட்டோவில் பார்த்ததைவிடக் குட்டையாக, சுருட்டை முடியோடு, மூக்கெல்லாம் வெயிலில் சிவந்துபோய் ஒருத்தி எங்களைப் பார்த்து ஓடி வந்தாள். இடது கக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க், அதே கையில் ஒரு குட்டிச் சுரைக்குடுவை, தோளில் ஒரு பை. ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டே ஒற்றைக் கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், அவளும் அழுதாள், எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அவளுடைய அப்பா எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு பின்னால் வந்தார். அவருக்கு வேலை இருந்தது, வர முடியாது. பெண்ணைத் தெரியாத ஊரில் தெரியாத மனிதர்களோடு அனுப்புகிற தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. எங்கள் அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐ ஃபாதர். யூ ஃபாதர். நோ வொரி" என்றார். அந்த மனிதர் சிரித்தபடி தலையாட்டி, இருட்டுவதற்குள் கூட்டிவந்துவிடும்படி சைகை காட்டினார்.

டாக்ஸி டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி சார் போவணும்? ஃபிளாஸ்க் எட்த்துகினு வந்துக்கீதே அந்தப் பொண்ணு" என்று கவலையாகக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்த நாளில் மெட்ராஸில் ஒருத்தர் கையில் ஃபிளாஸ்க் இருந்தால் யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அவளுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் கக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு கடற்கரையில் நடப்பார்கள் என்றும், அப்படியானால் உருகுவேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரிதான் என்றும் சொல்லிச் சிரித்தாள். மெரினாவைத் தாண்டும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாழையிலை போட்டுச் சாப்பாடு. அம்மா சாம்பார், புளிக்குழம்பு இரண்டையும் வைத்துவிட்டாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய வழிய, ஆனால் இலையிலிருந்து கையை எடுக்காமல் என் சிநேகிதி சாப்பிட்டாள். நாங்கள் தண்ணீரைத் தூக்கிக் குடிப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். தானும் அப்படிக் குடிக்கப் போய்ச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டாள். அம்மா சிரித்தபடி முந்தானையால் துடைத்துவிட்டாள். இதுவரை எல்லாம் நல்லபடியாகப் போகிறதே என்று என் மனசு குதித்தது, கூடவே அடித்துக்கொள்ளவும் செய்தது. சாப்பிட்ட இலையை எடுத்ததும் அவள் பையைத் திறந்தாள்.

ஃபிளாஸ்க்கில் தண்ணீர் ஆறிவிட்டது, சுடுதண்ணீர் வேண்டும் என்றாள். வெளிநாட்டுக்காரர்களுக்குத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததால், அம்மா ஒரு குண்டான் நிறையத் தளதளவென்று கொதிக்கவிட்டுக் கொண்டுவந்து வைத்தாள். என் சிநேகிதி பதறிப்போனாள். கொதித்த தண்ணீர் பட்டால் இலை வெந்து வெறும் கசப்புதான் மிஞ்சும். கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். ஆற அரை மணியாவது ஆகுமே என்று அவள் முகம் வாடியது. நான் சொன்னதைக் கேட்ட அம்மா, "இம்புட்டுதானா?" என்று இரண்டு பெரிய டம்ளரை எடுத்தாள்.

ஆற்றினாள் பாருங்கள்! மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஒரு முழத்துக்கு மேல் தண்ணீர்க் கம்பி. சொட்டுத் தரையில் விழவில்லை. புறங்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்து, இன்னும் இரண்டு ஆற்று ஆற்றி, ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள். என் சிநேகிதி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தே விட்டாள். விரல் விட்டுப் பார்த்து, எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் இது வராது என்றாள். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

பிறகு அவள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். குடுவையில் முக்கால்வாசி இலை. உள்ளங்கையால் வாயை மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினாள். பொடியெல்லாம் கையோடு வந்து ஒட்டியது, அதை ஊதிவிட்டாள். குடுவையைச் சாய்த்து, இலை முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கும்படி செய்தாள். மறுபக்கத்துப் பள்ளத்தில் முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, இலை அதைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு குழலின் மேல்முனையைக் கட்டைவிரலால் பொத்தி, ஈர இலைக்குள் அடிவரை இறக்கினாள். குழலை ஊன்றியபின் கிண்டவே கூடாது, கிண்டினால் அடைத்துக்கொள்ளும் என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். எங்கள் ஃபில்டர் கதையை அவள் மறக்கவில்லை. அப்பா குழலை நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, "நல்ல உருப்படி" என்று வியாபாரியாகச் சான்றிதழ் கொடுத்தார்.

சுடுதண்ணீரை அந்தப் பள்ளத்திலேயே சின்ன நூலாக ஊற்றினாள். பச்சை நுரை பொங்கி வந்தது. பச்சை வைக்கோல் நனைந்த மாதிரி ஒரு வாசனை. எனக்குக் கை பரபரத்தது. அவள் குடுவையை எடுத்து, எங்களுக்குக் கொடுக்காமல், தானே உறிஞ்சிக் குடித்தாள். கடைசிச் சொட்டு "கர்ர்" என்று சத்தம் போடும்வரை குடித்தாள்.

அம்மாவின் புருவம் ஏறியது. விருந்தாளி என்றாலும் பரிமாறுகிறவள் அவள்தானே. பரிமாறுகிறவள் பந்தியில் முதலில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. "அவ குடிச்சிட்டுல்லா நமக்குத் தரப்போறா?" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

அவள் மறுபடி தண்ணீர் ஊற்றி, வீட்டுக்குப் பெரியவர் என்ற மரியாதையில், குழல் அப்பா பக்கம் இருக்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். அப்பா வாங்கிக்கொண்டார். குழலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, மறுக்கக் கூடாது என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் வைப்பது எப்படி? அப்பா ஒரு நடுவழி கண்டுபிடித்தார். குழலை ஒரு விரலால் ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை அண்ணாந்து, குடுவையை உயரத் தூக்கி, வாயைத் திறந்து ஊற்றிவிட்டார்.

தண்ணீரா வந்தது? தழையோடு மொத்தமாக வந்தது. மூக்குக் கண்ணாடியில் பாதி, மீசையில் பாதி, மீதி சலவைச் சட்டையில். குழல் நழுவி நெற்றியில் இடித்துத் தரையில் விழுந்து உருண்டது. அம்மா ஆற்றிக் கொடுத்த தண்ணீராக இருந்ததால் அப்பாவின் முகம் தப்பித்தது. கொதித்த தண்ணீர் என்றால் நினைக்கவே முடியாது. அவர் பச்சை மீசையோடு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து புரண்டு சிரித்திருப்பேன்.

என் சிநேகிதி சிரிக்கவில்லை. கைக்குட்டையால் அப்பாவின் சட்டையைத் துடைக்கப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சாப்பாட்டின்போது நாங்கள் தண்ணீர் குடித்த விதம், இப்போது அப்பா செய்தது, இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, மெதுவாக, தப்பில்லாத ஆங்கிலத்தில் கேட்டாள்: "நான் வாய் வைத்ததை உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தது தப்பா?"

இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? பொய் சொல்ல அவகாசம் தராத கண் அவளுடையது. தலையைக் குனிந்துகொண்டேன், அதுவே பதிலாகிவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்டாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. தரையில் விழுந்த குழலை எடுத்துச் சட்டையில் துடைத்து, குடுவையில் மிச்சமிருந்த தழையை ஒரு காகிதத்தில் தட்டிக் கொட்ட ஆரம்பித்தாள். பரவாயில்லை, நாம் காபி குடிக்கலாம், எனக்குக் காபியும் பிடிக்கும் என்றாள். அவள் சிரிக்க முயற்சி செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடக் கடிதமும் அந்தக் காகிதத்தில் கொட்டப்படுகிற மாதிரி இருந்தது.

அம்மா சமையலறை வாசலில் இருந்தாள். "ஏட்டி" என்று என்னைக் கூப்பிட்டாள். "அவட்ட ஒண்ணு கேளு. நமக்குத் தராம, மொத ஆளா அவளே எதுக்குக் குடிச்சா?"

இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பதில் சொன்னாள். முதல் குடுவை நன்றாக இருக்காதாம். பொடி இருக்கும், கசப்பு அதிகம், சூடு சரியாக இருக்காது, சமயத்தில் குழல் அடைத்துக்கொள்ளும். அதனால் போடுகிறவர்தான் அதைக் குடித்துத் தீர்க்க வேண்டும். கசப்பைத் தான் எடுத்துக்கொண்டு, நல்லதை மற்றவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். முதல் குடுவையை விருந்தாளிக்குக் கொடுத்தால்தான் அவமரியாதை.

நான் தமிழில் சொல்லி முடித்ததும் அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பாயில், அவளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அப்பாவையும் என்னையும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ சின்னப் பிள்ளையில கசாயம் குடிக்க மாட்டேன்னு வாயப் பொத்துவ. மொதல்ல நான் ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டுத்தான் ஒனக்குத் தருவேன். எச்சின்னு துப்புனியாட்டி? இவளும் அதத்தான செஞ்சிருக்கா."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்து, "ஊத்து, தாயி" என்று கையை நீட்டினாள்.

அவளுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நானும் மொழிபெயர்க்கவில்லை, முடியவில்லை. ஆனால் நீட்டிய கை புரிந்தது. கொட்டின தழையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இலை போட்டு, கவிழ்த்து, குலுக்கி, சாய்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். குழலை இறக்கி, முதல் குடுவையை முன்போலவே தான் குடித்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது அம்மாவுக்கு. நாற்பத்தைந்து வயதுவரை தண்ணீர் டம்ளரில்கூட உதடு வைக்காத என் அம்மா, அந்தக் குழலைத் துடைக்காமல், தயங்காமல், குனிந்து வாயில் வைத்தாள்.

எனக்கு அந்த நிமிஷத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போதும் வார்த்தை இல்லை. கல்லூரி ரிசல்ட்டுக்கோ, கல்யாணத்துக்கோ, பிள்ளை பிறந்ததற்கோகூட நான் அப்படித் துள்ளியதில்லை. அம்மா "கர்ர்" என்று சத்தம் வரும்வரை குடித்தாள். கசப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. "நெலவேம்புக்கு இது எவ்வளவோ தேவல" என்று சொல்லிக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள். என் சிநேகிதி அம்மாவின் கன்னத்தில் பச்சென்று ஒரு முத்தம் கொடுத்தாள். அம்மா ஐயையோ என்று கத்திவிட்டு, கத்தினபடியே சிரித்தாள்.

அதற்குப் பிறகு அப்பா சும்மா இருப்பாரா? முகத்தைக் கழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, எனக்கு எங்கே என்று உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை ஒழுங்காகக் குழலில் குடித்தார். குடித்து முடித்ததும் தனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில் "தேங்க்யூ" என்றார். அதற்கப்புறம் குடுவை அவரை விட்டுவிட்டுச் சுற்றியது. அம்மாவுக்கு, எனக்கு, மறுபடி அம்மாவுக்கு. அப்பா கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். மாத்தே குடித்துவிட்டு நன்றி சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தமாம், அதனால்தான் அவருக்கு ஊற்றவில்லை. விஷயம் தெரிந்ததும், "அப்ப நான் தேங்க்யூவ வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றார். மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு நானும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என் முறை எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். பப்பாளிக் குழல் பயிற்சி வீண் போகவில்லை, நாக்கு வேகவில்லை. முதலில் கசப்பு, பிறகு ஒரு துவர்ப்பு, தொண்டையில் இறங்கிய பிறகு மெல்லிய தித்திப்பு. நாலாவது சுற்றில் எனக்குப் பிடித்தே போய்விட்டது. மாத்தேயைப் பழகும் புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்: முதல் வாயிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள், கிண்டாதீர்கள், தயவுசெய்து அண்ணாந்து ஊற்றாதீர்கள்.

சாயங்காலம் அப்பா கொடுத்த வாக்குப்படி வெளிச்சம் இருக்கும்போதே அவளைத் துறைமுகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அம்மாவும் வந்தாள், கடை அன்றைக்கு அரை நாள் லீவு. கடையிலிருந்து இரண்டு பெரிய டம்ளரை எடுத்து, தண்ணீர் ஆற்ற வைத்துக்கொள் என்று சைகையால் சொல்லிக் கொடுத்தனுப்பினாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் வந்த முதல் கடிதத்தில், ஆற்றிப் பார்த்ததாகவும், சமையலறைத் தரை நனைந்து அவள் அக்காள் வழுக்கி விழுந்ததாகவும் எழுதியிருந்தாள். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். பழகப் பழக வரும் என்று எழுதச் சொன்னாள்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் எழுதிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது, வீடு மாறியது, ஏதோ ஒரு விலாசமாற்றத்தில் கடிதம் நின்றுபோனது. அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் நான் டம்ளரைத் தூக்கித்தான் குடிக்கிறேன், பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். வளர்த்த பழக்கம், போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்தப் பாயில் அப்பாவும் நானும் குழலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மா மட்டும் அதை நீட்டிய பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். யார் எதை என்னிடம் நீட்டினாலும் முதலில் முகத்தைப் பார்க்க நானும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன், அம்மாவுக்கு ஒரே பகலில் வந்தது எனக்கு இன்னும் முழுசாக வந்தபாடில்லை.